செத்த டிஸ்க்கின் பெயர்

“சார், புது டிஸ்க்கை மாட்டினா, சர்வர் அதைச் செத்துப்போன பழைய டிஸ்க் பேரைச் சொல்லிக் கூப்பிடுது. பேய் கீய் புகுந்துடுச்சா?” என்றாள் அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரி.

“நம்ம சம்பளத்துக்குப் பேய்கூட வேலைக்கு வராதும்மா. பேரை இடத்தோட கட்டி வெச்சிருக்காங்க. அந்த இடத்துல எதை மாட்டினாலும் பழைய பேர்தான் வரும். டிஸ்க்கோட சொந்த எண்ணோட கட்டிடு. எங்கே மாட்டினாலும், எத்தனை தடவை அணைச்சுப் போட்டாலும் அது அதுவாவே வரும்.”

கட்டினாள். அது அதுவாகவே வந்தது. நானும் பெரிய மேதை போல வீடு திரும்பி, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“பெரியவனே, வந்துட்டியா?” என்றார் அப்பா.

மனைவி என் காதோரம் குனிந்தாள். “மறுபடி அங்கேயா? அது உங்க அண்ணன் இடம். அவர் இறந்த பிறகு, அங்க யார் உட்கார்ந்தாலும் மாமாவுக்கு அவர்தான். இந்தப் பக்கம் வந்து, நான் சின்னவன்னு சொல்லுங்க.”

எழுந்தேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உன் தம்பி செத்ததைத்தான்டா என்னால தாங்க முடியல. தங்கமான பிள்ளை. இருந்தப்போ அவன்கிட்ட இதை ஒரு தடவைகூட நான் சொன்னதில்லையே.”

மெல்ல அதே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“இப்ப சொல்லுங்கப்பா,” என்றேன்.