ஏழாவது அங்குலம்

"பதினொன்னு பதினஞ்சுக்குள்ள எல்லாரும் மொட்டை மாடிக்கு ஏறிடணும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க!"

டெய்லர் போட்ட சத்தத்தில் அடுப்பை அணைத்துவிட்டுக் கையில் கரண்டியோடு ஓடி வந்தாள் மனைவி. தோளில் இருபது மீட்டர் சிவப்புத் துணியோடு அவர் பாதிப் படி ஏறியிருந்தார்.

வெள்ளமும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை. வாலுவின் விமானம் வீட்டுக்கு மேலே போகப்போகிறது, அவ்வளவுதான்.

வாலு அவர்களுடைய ஒரே மகள். அவள் முகத்தைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. வேலை மாற்றலாகி ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்குப் போகிறவள், நடுவில் இருக்கும் வீட்டுக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டாள். "ரயில்ல வந்துட்டுப் போனா ரெண்டு நாள் போயிடும்பா. ஃப்ளைட்ல ரெண்டே மணி நேரம்."

டெய்லர் விடுவாரா? சுவரில் தொங்கிய வரைபடத்தின் மேல் டேப்பை வைத்து அளந்தார். நகரத்துக்கு நகரம் பதினாலு அங்குலம், அதாவது ஆயிரத்து நானூறு கிலோமீட்டர். ஏழாவது அங்குலத்தில் அவர் வீடு.

"பத்து இருபதுக்குக் கிளம்பினா பதினொன்னு இருபதுக்கு நம்ம தலைக்கு மேல. தையலுக்குத் துணி விடுற மாதிரி முன்னாடி அஞ்சு நிமிஷம் கூட விட்டிருக்கேன்."

"ஃப்ளைட்டுக்கே அளவெடுத்த ஒரே டெய்லர் நீங்கதான் மாமா!" என்று சிரித்தான் மனைவியின் தம்பி. சிரித்தாலும் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டவன் அவன்தான்.

மாடி முழுக்கத் துணி விரிந்தது. ஆள் உயர வெள்ளை எழுத்தில், 'வாலு, எப்ப வருவே?' என்று கேட்டிருந்தார். வாடிக்கையாளர்களை மூன்று நாளாக 'நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க' என்று அனுப்பிவிட்டுத் தைத்தது.

பதினொன்று இருபதுக்கு, கீழே குனிந்து பார்க்கச் சொல்லலாம் என்று மகளுக்குப் போன் போட்டார்.

"ரிங் போகுது, எடுக்க மாட்டேங்கிறா."

"அவ்வளவு உயரத்துல காத்து எப்படி அடிக்கும்? சத்தம் காதுல விழாது மாமா," என்றான் தம்பி, தினமும் பறக்கிறவன் மாதிரி.

"அதோ!" என்று கத்தினாள் மனைவி.

மேகங்களுக்கு நடுவே ஒரு வெள்ளிப் புள்ளி, பின்னால் வெள்ளைக் கோடு. டெய்லர் வயதை மறந்து குதித்தார். மனைவி கரண்டியை ஆட்டினாள். "வாலு! கீழ பாரும்மா! அப்பா இங்க இருக்கேன்!" என்று கூவினார் டெய்லர்.

புள்ளி கடுகாகி மறைந்தது. ஆட்டிய கையை மட்டும் அவர் இறக்கவே இல்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"பார்த்திருப்பா இல்ல?"

"பார்க்காம இருப்பாளா?" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

படிக்கட்டுப் பக்கமிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"கை காட்டினது போதும்ப்பா, ரயில்லேர்ந்து தூக்கிட்டு வர்றேன், இந்தப் பெட்டியை வந்து பிடிங்க!"