காணாமல் போன சம்பல் டப்பா

"மூணு டப்பா வச்சேன். ரெண்டுதான் இருக்கு. எவ தின்னா?"

பிரிட்ஜின் மேல்கதவைத் திறந்து போட்டுக்கொண்டு வீரம்மா கத்தினாள்.

புரட்டாசி பிறப்பதற்கு முந்தின நாள், மலேசியாவின் லகாட் ஊரில் அந்த வீடே, மிளகாய் அரைத்து வதக்கிய கணவாய் சம்பல் மணந்தது. இனி ஒரு மாதம் சைவம் என்று எல்லாரும் ஒரு பிடி பிடித்தும் மிஞ்சிவிட்டது. கொட்ட மனம் வருமா? ஆறவைத்து, மூன்று ஐஸ்கிரீம் டப்பாக்களில் பிரித்து உறைய வைத்தாள் வீரம்மா. ஒருமுறை உருக்கியதை மறுபடி உறைய வைத்தால் வயிற்றைக் கெடுக்கும். அதனால் வேளைக்கு ஒரு டப்பா. எல்லாம் ஐப்பசியில் தின்பதற்கு.

இந்த வருஷ விரதம் வழக்கமான விரதமும் இல்லை. மகன் ரூபனுக்குத் திங்கட்கிழமை இருதய ஆபரேஷன். "இந்த வீட்டுல யாரும் கவுச்சி தொட மாட்டோம். என் பிள்ளையை மட்டும் திருப்பிக் குடுத்துடு" என்று பெருமாளிடம் அழுதிருந்தாள்.

கழுவிக் கவிழ்த்திருந்த டப்பாவை அவளே பாத்திரங்களுக்கு நடுவில் கண்டுபிடித்தாள். மத்தியானம் ரூபன் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தான். வீட்டில் இருந்தது மாமியாரும் மருமகளும்தான். பிறகு கண்டுபிடிக்க என்ன கஷ்டம்?

"நீதானே?"

மருமகள் குமுதா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வாயத் திறந்து சொல்லுலா!"

"ஆமா அத்தை. நான்தான். நாக்கு கேட்டுச்சு."

"நாக்கா? அங்க என் பிள்ளையோட நெஞ்சைப் பிளக்கப் போறாங்க. உனக்கு நாக்கு கேக்குதா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

குமுதா ஆய்ந்த கீரையைச் சட்டியில் அள்ளிப் போட்டாள்.

"இப்பவே தைப்பிங்குக்குக் கிளம்பு. உங்கம்மா வீட்டுல உக்காந்து நண்டு, இறால் எல்லாத்தையும் தின்னு. என் பிள்ளை கண்ணு முழிக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் வராதே!"

ஹாலில் இருந்த ரூபனுக்கு எல்லாம் கேட்டது. சாமி நம்பிக்கை அவனுக்குக் கொஞ்சம்தான். ஆனால் டாக்டர் தேதி குறித்த நாளிலிருந்து அம்மாவின் விரதத்தைத்தான் பிடித்துக்கொண்டு நடமாடிக்கொண்டிருந்தான்.

அறைக்குள் குமுதா பையில் துணி அடுக்கினாள். ரூபன் பின்னாலேயே வந்தான்.

"ஒரு மாசம் வாயைக் கட்ட முடியலையா உனக்கு? எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

கோபமாகத்தான் ஆரம்பித்தான். கடைசியில் குரல் உடைந்துவிட்டது. அதைக் கேட்டதும் குமுதாவின் கை நின்றது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. மெதுவா பேசுங்க."

"ஏன் மெதுவா பேசணும்? செஞ்சது நீ!"

"மத்தியானம் நான் துணி காயப்போட்டுட்டு உள்ள வாரேன், அத்தை சம்பலைச் சூடு பண்ணி, சோத்துல பிசைஞ்சு சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. புரட்டாசின்னே ஞாபகம் இல்ல. இப்போ சாப்பிட்டதும் ஞாபகம் இல்ல. கொஞ்ச நாளாவே இப்படித்தான் இருக்கு, நீங்க ஆபரேஷன் முடிஞ்சு வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். உங்க உசுருக்காக வச்ச விரதத்தைத் தானே முறிச்சிட்டோம்னு தெரிஞ்சா அவங்க தாங்குவாங்களா? திட்டுனா நான் தாங்குவேன். தைப்பிங் பஸ் எத்தனை மணிக்கு?"