படிக்கட்டு தம்பிக்கு

கூட்டுச் சொத்தே கூடாது என்று வழக்குப் போட்டவர் அண்ணன் பொன்னுரங்கம்தான். தீர்ப்பு எந்திரம் வீட்டை நொடியில் பிரித்தது. மாடி அவருக்கு, கீழ்த்தளம், படிக்கட்டு, முற்றம் எல்லாம் தம்பி தணிகைவேலுக்கு. மாடியிலேயே இருந்த அண்ணனுக்குப் பரம திருப்தி. சாப்பாடு ட்ரோனில் வந்தது.

தம்பி மகளுக்கு முற்றத்தில் கல்யாணம். "அண்ணே, இறங்கி வாங்க. என் படியில நடந்தா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்," என்றார் தணிகைவேல்.

அண்ணன் இறங்கப் போனதும் படிக்கட்டுக் கதவு பூட்டிக்கொண்டது. "இருவரும் புழங்கினால் மறுபடியும் கூட்டுச் சொத்தாகிவிடும்," என்றது மரியாதையாக.

"அவரு என் அண்ணன்."

"முன்னாள் பங்குதாரர்," என்று திருத்தியது கதவு.

தாலி கட்டும்போது பொன்னுரங்கம் கண்கலங்க, பால்கனியிலிருந்து அட்சதை போட்டார். அயலார் பொருள் என்று முற்றம் அதை ஒரு அரிசிமணிகூட விடாமல் பொறுக்கி, மாடிக்கே திருப்பி அனுப்பியது.