எட்டால் பெருக்காத நூறு

"சார், இதுக்கு ஒரு முடிவு கட்டுங்க. எனக்குத் தெரியாம, நான் லைன் போடற ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டுப் பேசியிருக்கார்!"

மேனேஜர் முன்னால் நின்று பொரிந்து தள்ளினாள் புது என்ஜினியர்.

ஃபைபர் லைன் போடுகிற கம்பெனியில் அவள் சேர்ந்து ஐந்து மாதம். இன்னும் ஒரு மாதத்தை ஓட்டிவிட்டால் வேலை நிரந்தரம். அதற்குள் ஒரு தப்பு நடந்தாலும் நேராக வீட்டுக்குத்தான். வீட்டிலோ அவள் சம்பளம் ஒன்றை நம்பித்தான் அடுப்பே எரிகிறது.

அவள் புகார் சொன்னது டெஸ்டிங் செக்‌ஷன் சீனியரை. ஆபீஸ் முழுக்க அவருக்கு 'முசுடு' என்று பெயர். மனுஷன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. லைன் வேகம் எழுதின ஃபாரத்தை யார் அனுப்பினாலும் குற்றம் கண்டுபிடிக்கவே பிறந்தவர் மாதிரி நாலு தடவை புரட்டுவார்.

முசுடு வந்து நின்றார்.

"ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணீங்களா?"

"பண்ணேன் சார்."

"லைனை டிசைன் பண்ண என்ஜினியர்தான் கஸ்டமர்கிட்ட பேசணும். பதினெட்டு வருஷ சர்வீஸ், இந்த ரூல் தெரியாதா? எதுக்குப் பண்ணீங்க?"

"சும்மா, ஒரு சந்தேகம்."

"என்ன சந்தேகம்?"

முசுடு கூரையைப் பார்த்தார். "ஞாபகம் இல்ல சார்."

மேனேஜருக்கு வந்ததே கோபம்! அங்கேயே மெமோ டைப் ஆனது. முசுடு மறுபேச்சு பேசாமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார். நல்லா வேணும் என்று அவளுக்கு மனசு குளிர்ந்தது.

லைன் திறந்த நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே எடுக்கிற ஸ்கேன் படங்கள் பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போவதற்கான லைன் அது. லேப்டாப்பை மாட்டி வேகத்தைப் பார்த்தவள் திடுக்கிட்டாள். விநாடிக்கு எண்ணூறு மெகாபிட்!

"இதென்ன கூத்து? நான் நூறுதானே போட்டேன்?"

ஸ்கேன் பிரிவு அம்மா சிரித்தாள். "நாங்க கேட்டதும் நூறுதான் மேடம். ஆனா எங்க கம்ப்யூட்டர் பைட்டுல எண்ணுமாம், உங்க லைன் பிட்டுல எண்ணுமாம். ஒரு பைட்டுக்கு எட்டு பிட்டாமே? 'நீங்க சொன்ன நூறு உங்க கணக்கா, எங்க கணக்கா?'ன்னு உங்க டெஸ்டிங் சார் ஃபோன்ல கேட்டார். எங்க கணக்குதான்னு சொன்னேன். அப்போ எண்ணூறு வேணும், மாத்திடறேன்னார்."

அவள் தன் ஃபாரத்தை நினைத்துப் பார்த்தாள். முதல் பாடத்தில் படிப்பதாயிற்றே! வந்த எண்ணை எட்டால் பெருக்காமல் அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறாள்.

"நேத்து ஒரு ஆக்சிடெண்ட் கேஸ் மேடம். தலையில அடி. படம் ஒரே நிமிஷத்துல டாக்டருக்குப் போச்சு. உங்க கணக்கு நூறுன்னா எட்டு நிமிஷம் ஆகியிருக்கும். ஆள் பிழைச்சுட்டார். நீங்க நல்லா இருக்கணும்!"

"என்னை எதுக்கு...?"

"நீங்கதானே சந்தேகம் வந்து அவரைக் கேட்கச் சொன்னீங்க? அப்படித்தானே அவர் சொன்னார்!"

அந்த மனுஷனுக்கா மெமோ வாங்கிக் கொடுத்தோம்? அடிப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஆபீஸுக்கு வந்தவள் நேராக மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள். உள்ளே முசுடு ஏதோ ரிப்போர்ட்டைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"சார், தப்பு பண்ணது நான். ஆஸ்பத்திரி லைனுக்கு எட்டுல ஒரு பங்கு வேகம்தான் எழுதியிருந்தேன். இவர் ஃபோன் பண்ணிக் கேட்டு சரி பண்ணியிருக்கார். என் மானத்தையும் காப்பாத்தி, ஒரு உயிரையும் காப்பாத்தியிருக்கார்."

"ஏம்மா, உனக்கு வேற வேலை இல்ல?" என்று முசுடு பல்லைக் கடித்துக்கொண்டு ஜாடை காட்டினார். அவள் நிறுத்தவில்லை.

"நீங்க என்னை அனுப்பினாலும் சரி சார், அந்த மெமோவைத் திரும்ப வாங்கிக்கோங்க." முசுடு பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல சார். மன்னிச்சிடுங்க." கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

மேனேஜர் ஃபைலில் இருந்த மெமோ காப்பியை எடுத்துக் கிழித்துப் போட்டார். அடியிலிருந்த அவளுடைய வேலை நிரந்தர உத்தரவை உருவினார், பேனாவைத் திறந்தார், கையெழுத்துப் போட்டார்.

பிறகு முசுடு பக்கம் திரும்பினார். "நான் அவ்வளவு தூரம் கேட்டேனே, அன்னிக்கே இதைச் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே இவளை வீட்டுக்கு அனுப்பியிருப்பீங்க சார். தன் தப்பைத் தானே வந்து சொல்ற ஒரு என்ஜினியர் நமக்கு எங்க கிடைச்சிருப்பா?"