டெக்சாஸ் டேவிட்

"ஏம்மா ஜெனிட்டா, மறுபடியும் அந்த எழவு ஃபோரமா?"

பின்னால் டீம் லீடர் கதிரவன் வந்து நிற்பார் என்று ஜெனிட்டா நினைக்கவே இல்லை. பதறிப்போய் மூடப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மவுஸும் நகரவில்லை.

"சார், ஒருத்தர் எரர்ல மாட்டிக்கிட்டு கேள்வி போட்டிருக்காரு. ஒரே ஒரு பதில், முடிச்சிடறேன்."

"ஊர்ல எவனுக்கோ எரர் வந்தா உனக்கென்ன? அண்ணாமலை நகர்ல உக்காந்துக்கிட்டு உலகத்துக்கே சந்தேகம் தீத்து வைக்கிறியா?"

"அவசரம்னு போட்டிருக்காரு சார்..."

"அவசரம் உனக்குத்தான். சனிக்கிழமையோட மூணு மாசம் முடியுது. உன்னை வேலைல வெச்சுக்கிறதா, மேல்பட்டாம்பாக்கத்துக்கு பஸ் ஏத்தி விடறதான்னு நான்தான் எழுதித் தரணும். ஞாபகம் இருக்கட்டும்."

ஜெனிட்டா ஃபோரத்தை மூடினாள். அவள் அப்பா இன்னாசிராஜ் மாதா கோயில் வாசலில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு சாஃப்ட்வேர்ல இருக்கு" என்று சொல்லி வைத்திருக்கிறார்.

கதிரவன் விடவில்லை. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அன்பரசைக் கூப்பிட்டார்.

"எல்லா மெஷின்லயும் இந்த ஃபோரத்தை பிளாக் பண்ணு."

"உங்க மெஷின்லயுமா சார்?"

"என்னுது எதுக்குய்யா? நான் என்ன அரட்டையா அடிக்கிறேன்?"

கதிரவனைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். அந்த அலுப்போ என்னவோ, எழுதுகிற ப்ரோக்ராமில் பட்டன்களுக்கெல்லாம் பஸ் ஸ்டாப் பெயராகத்தான் வைப்பார். சேமிக்கிற பட்டன் ஆலப்பாக்கம். அழிக்கிற பட்டன் புதுச்சத்திரம். ஏன் சார் என்றால், "அப்பதான் மறக்காது" என்பார்.

அவரிடம் ஒரே கோளாறு, வாய். அதுவும் கொஞ்ச நாளாக ரொம்ப ஜாஸ்தி.

"டெக்சாஸ்ல எனக்கு டேவிட்னு ஒரு ஃப்ரண்டு. எந்த எரரா இருந்தாலும் பத்தே நிமிஷம்! நீங்களும் இருக்கீங்களே!" என்று நாளைக்கு நாலு தடவை எல்லோர் மானத்தையும் வாங்குவார்.

கேபினுக்குள் போனதும் போன் அடித்தது. கடலூரில் ஓர் ஆஸ்பத்திரி. பில் போடும் சாஃப்ட்வேரை இந்த மாதம் ஒன்றாம் தேதிதான் அங்கே போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"சார், நேத்து வரைக்கும் ஓடுச்சு. இன்னிக்கு ஒரு டிஸ்சார்ஜ் பில்லு கூட வரமாட்டேங்குது," என்றாள் பில் கவுன்ட்டர் சௌந்தரம். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

"என் மெஷின்ல நல்லா ஓடுதேம்மா!"

"அப்ப உங்க மெஷினைத் தூக்கிட்டு வாங்க சார். பச்சப் புள்ளைய வெச்சுக்கிட்டு ஒரு குடும்பமே வாசல்ல நிக்குது. பன்னெண்டு மணிக்கு ராகுகாலமாம். புள்ளையோட தாய்மாமன் என்னை அடிக்காத குறைதான்!"

கதிரவன் கதவைச் சாத்திக்கொண்டு ஃபோரத்தைத் திறந்தார். அங்கே அவர் பெயர் கதிரவன் இல்லை. 'ராபர்ட், நியூஜெர்சி'. டீம் லீடரே சந்தேகம் கேட்கிறார் என்று தெரிந்தால் எவன் மதிப்பான்?

காலையில் ஆபீசுக்கு வந்ததும் வராததுமாக ப்ரோக்ராமோடு சேர்த்துப் போட்ட கேள்வி அப்படியே கிடந்தது. டேவிட்டைக் காணோம். 'டியர் டேவிட், அர்ஜென்ட்' என்று போட்டார். மணி பதினொன்று. 'டேவிட், ஆர் யூ ஓகே?' என்று போட்டார். ம்ஹூம்.

நடுவில் ஜெனிட்டா கதவைத் தட்டி எட்டிப் பார்த்தாள்.

"சார், அந்த ஆஸ்பத்திரி விஷயம்..."

"போம்மா அங்கிட்டு! நானே டென்ஷன்ல இருக்கேன்."

பதினொன்றரைக்கு அவரே வெளியே வந்தார். சட்டை நனைந்திருந்தது.

"டேவிட்டுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ, பதிலே இல்ல. ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் படுத்துடுச்சு. யாருக்காச்சும் ஏதாச்சும் தோணுதா?"

எல்லோரும் கீபோர்டைப் பார்த்தார்கள். ஜெனிட்டா எழுந்தாள்.

"சார், அந்தக் கம்ப்யூட்டர்ல தேதி அமெரிக்கா முறையில இருக்கும். மாசம் முன்னாடி, தேதி பின்னாடி. நேத்து பன்னெண்டு, அதை மாசம்னு நெனச்சு எப்படியோ சமாளிச்சிடுச்சு. இன்னிக்குப் பதிமூணு. பதிமூணாவது மாசத்துக்கு அது எங்க போகும்? கன்ட்ரோல் பேனல்ல இந்தியான்னு மாத்தச் சொல்லுங்க. ப்ரோக்ராமை நான் அப்புறம் சரி பண்றேன். பழைய பில்லுலயும் தேதி மாறி விழுந்திருக்கும், அதையும் பாக்கணும்."

கதிரவன் போனில் சொல்ல, சௌந்தரம் மாற்றினாள். பில் வந்தது. பதினொன்று ஐம்பதுக்கு அந்தக் குழந்தை ஆட்டோ ஏறிவிட்டது.

கதிரவன் ஜெனிட்டாவைக் கேபினுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவளை வேலையில் வைத்துக்கொள்வதற்கான பேப்பரை எடுத்தார். பேனாவையும் திறந்தார். ஆனால் அந்த வாய் சும்மா இருக்குமா?

"இன்னிக்கு ஏதோ குருட்டாம்போக்குல சொல்லிட்ட. அதுக்காக உடனே கையெழுத்துப் போட முடியாது. டேவிட்டா இருந்தா பத்து நிமிஷத்துல முடிச்சிருப்பான். அவனை மாதிரி ஒரு ஆள் இங்க இருந்தா, கண்ணை மூடிக்கிட்டுப் போடுவேன்."

ஜெனிட்டா எழுந்துபோய்க் கேபின் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தாள்.

"சார், நியூஜெர்சி ராபர்ட்டு அவரு பட்டனுக்கெல்லாம் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம்னு பேர் வெச்சிருக்காரு சார்."

பேனா அப்படியே நின்றது.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"சேர்ந்த மூணாம் நாள்லேர்ந்து. யார்கிட்டயும் சொல்லல சார்."

கதிரவன் ஒரு தடவை கதவைப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"டேவிட்டுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். பத்து மணிக்கு டேவிட் பாதி பதில் டைப் அடிச்சிட்டிருந்தப்பதான், நீங்க பின்னாடி வந்து நின்னீங்க."