இடது கடைவாய்ப் பல்

கறுப்பு அம்பாசிடர் கார் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றபோது, ராஜமேரிக்கு முன்னால் இன்னும் நாலு பேர் இருந்தார்கள்.

அவள் நிமிரவில்லை. நிமிர்ந்தால் வலி காதுக்குள் ஏறிக் கண்ணைக் குத்தியது. முந்தானையைச் சுருட்டி இடது கன்னத்தில் அழுத்திக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

இன்றோடு எட்டு நாள்.

பல் டாக்டர் இந்த ஆஸ்பத்திரிக்குப் புதன்கிழமை மட்டும்தான் வருவார். போன புதன், அவள் நல்லம்பள்ளியில் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் அவர் கிளம்பிவிட்டிருந்தார். அடுத்த வாரம் வா, கத்தி வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள்.

எட்டு நாளும் கஞ்சித் தண்ணீர்தான். கிராம்பை நசுக்கி வைத்தாள். உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். புகையிலையை அடக்கிப் பார்த்து வாந்தி எடுத்தாள். மூன்றாம் நாள், குளிர்ச்சியாக இருக்கிறதே என்று அம்மிக்கல்லில் கன்னத்தை வைத்துக்கொண்டு விடிய விடியக் கிடந்தாள்.

நாலாம் நாள், மாட்டு வைத்தியம் பார்க்கும் முனியப்பன் குறடோடு வந்தான். ஒரே இழுப்பு என்றான். அவள் அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையை உருவிக் கையில் எடுத்தாள். முனியப்பன் குறடை மடியில் செருகிக்கொண்டு வந்த வழியே போய்விட்டான்.

“டாக்டரைத் தவுத்து இந்தப் பல்லு மேல எவனும் கை வெக்கக் கூடாது.”

புருஷன் பிலவேந்திரன் தலையில் அடித்துக்கொண்டான்.

இப்போது காரிலிருந்து இறங்கியவர் வெங்கடாசலம். அவர்கள் ஊர்க்காரர். ஊர் நிலத்தில் பாதி அவருடையது. அவரைக் கண்டதும் பிலவேந்திரன் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

ராஜமேரி எழவில்லை.

“என்ன மேரி, இந்தப் பாடு படறே?” அவர் குரல் இளகியிருந்தது. “சேலத்துல நமக்குத் தெரிஞ்ச டாக்டரு இருக்காரு. ஒரே ஊசி. புடுங்குனதே தெரியாது. சாயங்காலத்துக்குள்ள வூட்டுல எறக்கி வுட்டுடறேன். வா, கார்ல ஏறு.”

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரே ஊசி. எட்டு நாளாகத் தூங்காத உடம்பு அந்தச் சொல்லைக் கேட்டதும் தானாகவே எழப் பார்த்தது. ராஜமேரி பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“நான் வரிசையில இருக்கறேங்க.”

வாய் பாதிதான் திறந்தது. சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

பிலவேந்திரன் அவள் காதருகே குனிந்தான். “போயிரலாம் மேரி. அவரே வந்து கூப்புடறாரு. நாம அந்த ஊர்லதான இருந்தாகணும்?”

மாட்டேன் என்று தலையை அசைத்தாள். அந்த அசைவுக்கே கண்ணிலிருந்து நீர் கொட்டியது. அழுகிறாள் என்று நினைத்தால் நினைக்கட்டும் என்று துடைக்காமல் விட்டாள்.

பக்கத்தில் இருந்த பாப்பிரெட்டிப்பட்டிக்காரிக்குப் பொறுக்கவில்லை. “வாசல்ல காரு வந்து நிக்குது, மகராசன் வாய் தொறந்து கூப்புடறாரு. இவ ஏத்தத்தப் பாரேன்!”

ராஜமேரிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை.

வெங்கடாசலம் போய்விடவில்லை. வேப்பமரத்தடியில் நின்று சிகரெட் பற்றவைத்தார். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கதவுக்குப் பின்னால் ஒரு முனகல் கேட்கும். பிறகு இரும்புச் சாமான் எனாமல் தட்டில் விழும் சத்தம் கேட்கும். அப்போதெல்லாம் அவர் இவளைப் பார்த்தார். இவளும் முகத்தைத் திருப்பாமல் அவரைப் பார்த்தாள். ஒரு கண் வீக்கத்தில் மூடியே போயிருந்தது. மற்றதால் பார்த்தாள்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பிலவேந்திரன் கூட வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாகவே உள்ளே போனாள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். டார்ச் அடித்துப் பார்த்தவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“எப்படிம்மா இத்தனை நாள் தாங்குனீங்க? ரெண்டா பொளந்திருக்கு. உள்ளாற சீழ் வேற. ஈறைக் கீறித்தான் எடுக்கணும்.”

ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பினார். ராஜமேரி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். இன்னொரு கையால் ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். வேர்வையில் நனைந்து நாலாக மடிந்திருந்தது.

“மொதல்ல எழுதுங்க சார். அப்பறம் புடுங்குங்க.”

டாக்டரிடம் காட்டச் சொல்லிப் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த காகிதம் அது. பஞ்சாயத்துக் கிணற்றைச் சுற்றிப் போட்டிருந்த முள்வேலியை அவள் பிடுங்கி எறிந்ததும், அதற்காக அவளை அடித்தவரின் பெயரும் அதில் இருந்தன. உடைந்த பல் வாயில் இருக்கும்போதே டாக்டர் பார்த்து எழுதினால்தான் கேஸ் நிற்கும் என்று ஸ்டேஷன் ரைட்டர் சொல்லியிருந்தார்.

டாக்டர் பெயரைப் படித்துவிட்டு, “யாரு இந்த வெங்கடாசலம்?” என்றார்.

ராஜமேரி ஜன்னலைக் காட்டினாள். “அதோ, வேப்பமரத்தடியில நிக்கறாரே, அவருதாங்க.”

டாக்டர் வெளியே கொஞ்ச நேரம் பார்த்தார். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். இங்கிலீஷில் எழுதினார். தமிழில் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தார்.

“இடது கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டாக உடைந்திருக்கிறது. கன்னத்தில் அறைந்ததால் என்று சொல்கிறார்.”

“அறையலீங்க,” என்றாள் ராஜமேரி. “குத்துனாரு. மாத்தி எழுதுங்க.”

டாக்டர் அந்தச் சொல்லை அடித்துவிட்டு மாற்றி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

அவள் நாற்காலியில் சாய்ந்து, வாயைத் தன்னால் ஆனமட்டும் திறந்தாள்.