பச்சைக் கேற்

குருநகரில், றோட்டோரம் போத்தல்களில் மண்ணெண்ணெய் விற்றுக்கொண்டிருந்த பெரியவரிடம், கொழும்பிலிருந்து வந்த இளைஞன் சைக்கிளை நிறுத்தி வழி கேட்டான்.

“அடைக்கலநாதன்ரை வீடோ? பெற்றோல் செட்டடியிலை திரும்பி, தியேட்டரைத் தாண்டிப் போங்கோ தம்பி. பச்சைக் கேற் போட்ட வீடு.”

“பெற்றோல் செட் ஒண்டையும் காணேல்லையே, ஐயா.”

“இப்ப இல்லை. தியேட்டரும் இல்லை. எண்டாலும் அதுகளை வைச்சுத்தான் இஞ்சை வழி சொல்லுறது.”

போனவன் சிறிது நேரத்தில் கோபத்தோடு திரும்பி வந்தான்.

“அங்கை வீடும் இல்லை. கிணறு மட்டுந்தான் கிடக்குது.”

“ஓம். தொண்ணூறிலை குண்டு விழுந்தது.”

“அதை முதலே சொல்லியிருக்கலாமே?”

“நீங்கள் வழிதானே கேட்டனீங்கள்.”

இளைஞன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“பிரான்சிலை இருக்கிற அவரின்ரை மகன் என்ரை சிநேகிதன். வீட்டைப் பாத்துச் சொல்லச் சொன்னவன். அந்த வீட்டை நினைச்சுத்தான் குளிருக்கை நிண்டு உழைக்கிறான். அவனுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?”

பெரியவர் கையிலிருந்த போத்தலை மெல்ல மூடினார்.

“கேற்றுக்குப் புதுப் பெயின்ற் அடிச்சிருக்கெண்டு சொல்லுங்கோ தம்பி. போன மாதம் என்ரை மகனுக்கு நான் அப்பிடித்தான் எழுதினனான்.”